ஒரு நோட்டீஸும் தொண்ணூறு நிமிட அதிர்வும்

போன மாசம் கெடார் போயிருந்தேன். பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து அன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. முண்டியம்பாக்கத்தில் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அண்ணன் ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார்.

"நீதான் இதெல்லாம் படிக்கிறவனாச்சே தம்பி, பாத்துச் சொல்லு. மிஷின் மேல நிக்க வச்சா தசை அசதி போயி சீக்கிரம் நடந்துடுவாருன்னு சொல்றாங்க."

ஒரு தனியார் சென்டரின் நோட்டீஸ். பெயர் வேண்டாம். ஆறு வாரப் பேக்கேஜ். கேட்கிற தொகைக்கு ஒரு கறவை மாட்டை விற்கணும். வீட்டில் இருப்பதே இரண்டு.

நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் நோட்டீஸில் இருந்த மூன்று வாக்கியங்களையும் ஆய்வுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் இல்லையா? அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

1. "வெளிநாட்டு ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது"

ஸ்ட்ரோக் வந்த ஆரம்ப வாரங்களில் முழு உடல் அதிர்வைச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது நெதர்லாந்தில் வான் நெஸ் குழு செய்தது. 2006-ல் 'ஸ்ட்ரோக்' இதழில் வந்தது. ஸ்ட்ரோக் வந்து ஆறு வாரத்துக்குள் இருந்த 53 பேர். பாதிப் பேருக்கு அதிரும் பலகை: 30 ஹெர்ட்ஸ், 3 மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு 45 விநாடி வீதம் நான்கு முறை, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். மீதிப் பேருக்கு அதே அளவு நேரம் இசையோடு உடற்பயிற்சி. வழக்கமான பயிற்சிகள் இரண்டு குழுவுக்கும் உண்டு.

முடிவு? இரண்டு குழுவும் நன்றாகத் தேறின. உடல் சமநிலையை அளக்கும் பெர்க் அளவுகோலில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

நோட்டீஸ் எழுதியவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். "அதிர்வு சிகிச்சை எடுத்தவர்களுக்கு சமநிலை கூடியது" என்பது உண்மை. எடுக்காதவர்களுக்கும் கூடியது என்ற அடுத்த வரியை விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகான முதல் வாரங்களில் மூளை தானாகவே கணிசமாக மீளும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அது வேலை செய்தது மாதிரியே தெரியும். லோடு தானே குறைந்துகொண்டிருக்கிற சர்வரில் ஒரு பேட்ச் போட்டுவிட்டு, பேட்ச்தான் சரி பண்ணிச்சு என்று மெயில் போட்ட அனுபவம் எனக்கும் உண்டு.

ஆய்வின் மேலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 3 நிமிடம், 30 நாள், மொத்தம் 90 நிமிடம். ஆறு வாரத்தில் ஒன்றரை மணி நேரம்! தவிர, எதுவும் கூடுதலாகச் செய்யாத மூன்றாவது குழு கிடையாது. அதனால் "அதிர்வு பயனற்றது" என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இந்த அளவு அதிர்வு, அதே நேர உடற்பயிற்சியைவிட மேலாகத் தெரியவில்லை என்பதுதான் சரியான வாசிப்பு.

இந்தச் சந்தேகத்தை ஓரளவு தீர்ப்பது 2012-ல் ஸ்வீடனில் ப்ரோகோர்த் குழு செய்த ஆய்வு. 31 பேர், எல்லோரும் ஸ்ட்ரோக் வந்து நாளானவர்கள். ஒரு குழுவுக்கு 3.75 மில்லிமீட்டர் அதிர்வு, இன்னொன்றுக்கு வெறும் 0.2 மில்லிமீட்டர், அதாவது பேருக்கு ஒரு நடுக்கம். இரண்டு குழுவிலும் சிறு முன்னேற்றம் இருந்தது, ஒன்று மற்றொன்றை மிஞ்சவில்லை. ஆரம்ப வாரங்களில் இப்படி ஒரு போலி அதிர்வு ஒப்பீட்டைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

2. "மென்மையான அதிர்வு"

இது கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 30 ஹெர்ட்ஸை 2 பை-யால் பெருக்கினால் சுமார் 188. அதன் வர்க்கத்தை 0.003 மீட்டரால் பெருக்கினால் விநாடி வர்க்கத்துக்கு 107 மீட்டர். புவியீர்ப்பைப் போல கிட்டத்தட்ட 11 மடங்கு. இது பலகையின் உச்ச முடுக்கம். முழங்காலை மடக்கி நின்றால் தலைக்குப் போவது ரொம்பக் குறைவு. சரி. ஆனால் ஒரு பக்கம் பலமில்லாதவர் முழங்காலை மடக்கி, எடையைச் சமமாகப் போட்டு நிற்பாரா?

அந்த 3 மில்லிமீட்டர் நடுவிலிருந்து உச்சிக்கா, உச்சியிலிருந்து அடிக்கா என்பதும் கேள்வி. இரண்டாவது என்றால் முடுக்கம் பாதியாகிவிடும். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் அதிகம். எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று 2010-ல் தனியாகப் பரிந்துரை வெளியிட வேண்டியிருந்தது. நோட்டீஸிலோ ஹெர்ட்ஸும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்து எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமல் விட்டது மாதிரி.

3. "தசை அசதியைப் போக்கும்"

எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். பெரியப்பா கட்டிலில் நாலு தடவை எழுந்து உட்கார்ந்தால் அஞ்சாவது தடவை முடியவில்லை என்கிறார். நாம் அதைத் தசை அசதி என்கிறோம். ஆனால் ஸ்ட்ரோக்கில் அடிபட்டது மூளை. அங்கிருந்து கட்டளை முழுதாக வராததால் தசையின் எல்லா இழைகளையும் வேலைக்குக் கூப்பிட முடிவதில்லை. பாதி ஆளை வைத்து நாற்று நட்டால் மதியத்துக்குள் எல்லோரும் ஓய்ந்துபோவார்கள். வந்த ஆட்களிடம் குறை இல்லை, ஆளனுப்புகிற இடத்தில்தான் தட்டுப்பாடு. நாள்பட அசையாமல் கிடந்தால் தசையும் மெலியும், அது அடுத்த கட்டம்.

அதிர்வு இதில் என்ன செய்யும்? தசைநாணில் அதிர்வு கொடுத்தால் தசைக்குள் இருக்கும் நீள உணரிகள் தூண்டப்பட்டு தசை தானாக இறுகும். இது 1960-களிலிருந்து தெரிந்த விஷயம். 1990-ல் பொங்கியோவான்னி, ஹாக்பார்த் இருவரும் ஆரோக்கியமானவர்களிடம் செய்த சோதனைகளில் ஒரு வேடிக்கை: களைத்த தசைக்குச் சிறிது நேரம் அதிர்வு கொடுத்தால் விசை கூடுகிறது. அதையே நீட்டித்தால் விசை குறைகிறது. அதே கருவிதான், நேரம் மாறினால் பலன் திரும்பிக்கொள்கிறது. "எவ்வளவு நேரம்" என்று சொல்லாத சிகிச்சை அசதியைப் போக்குமா கூட்டுமா என்று யாரால் சொல்ல முடியும்?

அளக்கிற முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. தசைச் சோர்வைத் தோல்மேல் வைத்த ஈ.எம்.ஜி. சிக்னலின் இடைநிலை அதிர்வெண்ணை வைத்து அளப்பது வழக்கம், தசை களைத்தால் அது இறங்கும். ஆனால் பலகை 30 ஹெர்ட்ஸில் ஆடும்போது எலக்ட்ரோடும் வயரும் சேர்ந்து ஆடும். 30, 60, 90 என்று சிக்னலில் முள் முள்ளாக நிற்கும். நம் ஊர் கரண்ட்டின் 50 வேறு. இவற்றை வடிகட்டாமல் கணக்கிட்டால் நாம் அளப்பது தசையை இல்லை, மிஷினை. அதிர்வின்போது எடுத்த ஈ.எம்.ஜி. எண்களைக் காட்டும் கட்டுரை எதுவானாலும், முதலில் ஃபில்டர் பற்றிய பத்தியைத் தேடுங்கள்.

அப்போ அதிர்வே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஜப்பானில் நோமா குழு 2009-ல், இறுகிப்போன கைத் தசைமேல் நேராக ஐந்து நிமிடம் அதிர்வு கொடுத்து இறுக்கம் தளர்ந்ததையும், அது அரைமணி நேரமாவது நீடித்ததையும் காட்டியது. சிறிய ஆய்வு. ஆனால் கேள்வி தெளிவு: இறுக்கம், ஒரு தசை, அரைமணி. அந்த இடைவெளியில் கையைப் பழக்கலாம். பெரியப்பாவுக்கு இப்போது கை துவண்டுதான் கிடக்கிறது, இறுக்கம் இல்லை.

"சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது" என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். அவெர்ட் ஆய்வு (2015, 2104 பேர்) ஸ்ட்ரோக் வந்து 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைத்துப் பார்த்தது. நல்ல நிலைக்கு வந்தவர்கள் அந்தக் குழுவில் 46 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 50. பிறகு அதே தரவைப் பிரித்துப் பார்த்ததில், கொஞ்ச நேரமாக அடிக்கடி எழுந்தவர்களுக்குப் பலன் அதிகம், மொத்த நேரத்தை நீட்டியவர்களுக்குக் குறைவு என்று தெரிந்தது.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 பேரை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வையும் (2017) மறைக்கக் கூடாது. வீட்டாருக்கே பயிற்சி கொடுத்துச் செய்ய வைத்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்தவர்கள் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். எனக்குப் பிடித்த யோசனை, ஆனால் தேறவில்லை. மிஷினுக்கு ஒரு அளவுகோல், நம் ஆசைக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். சென்டரில் மூன்று கேள்வி கேளுங்க: எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நிமிஷம்? பதில் வரலைன்னா மாட்டை விற்காதீங்க. ரெண்டாவது, 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து ஃபிசியோ பார்க்கிறாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிவு பண்ணுங்க, எந்தப் பயிற்சி, எவ்வளவு ஓய்வு என்று அவங்களையே கேளுங்க.

அவர் போய்க் கேட்டாராம். "அதெல்லாம் மிஷினே பாத்துக்கும்" என்றார்களாம்.

மாடு இரண்டும் கொட்டகையில்தான் இருக்கின்றன. ஃபிசியோ வந்து சொல்லிக்கொடுத்தபடி பெரியப்பா மூன்று தடவை எழுந்து உட்கார்கிறார், படுத்து ஓய்வெடுக்கிறார், மறுபடி மூன்று. தேறினால் அதுவும் இந்தப் பயிற்சியாலா தானாகவா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஈ.எம்.ஜி. ஃபில்டர் பற்றிய கணக்கை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.