குலத்தொழிலா, உடன்படிக்கையா? சில்பர்மான் குடும்ப ஆர்கன் பட்டறை வரலாறு: ஒரு திறனாய்வு

முன்னுரை

மேலைத் தேவாலயங்களில் ஒலிக்கும் குழாய் ஆர்கன், துருத்தி தரும் காற்றை விசைப்பலகையின் வழியே நூற்றுக்கணக்கான உலோக, மரக் குழல்களுக்குப் பகிர்ந்தளித்து இசைக்கப்படும் கருவியாகும். குறிப்பிட்ட ஒரு கட்டடத்திற்கென்றே அமைக்கப்படுவதால், அதனைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் தேவைப்படுவதுண்டு. இத்தொழிலில் குடும்பப் பட்டறைகள் நிலைபெற்றமைக்கு இது ஒரு காரணமாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் சில்பர்மான் குடும்பம் இவ்வகையில் பெரிதும் போற்றப்படுவது. தொழில்நுட்பம் குருதிவழியே கடத்தப்பட்டது என்னும் கருத்து இக்குடும்பத்திற்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வியின் தோற்றுவாய்

ஆந்திரேயாஸ் (1678-1734), கோட்ஃப்ரீட் (1683-1753) ஆகிய உடன்பிறந்தோர் சாக்சனி நாட்டின் க்ளைன்போப்ரிட்ஷ் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள். இவர்களின் தந்தை தச்சர். ஆர்கன் கலைஞர் அல்லர். மூத்தவரான ஆந்திரேயாஸ் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் குடியேறி, 1704 முதல் 1706 வரை பாரிஸில் ஃப்ரான்சுவா தியெரி என்பவரிடம் பயின்றார். இளையவர் தம் தமையனிடம் கற்று, 1710 இல் சாக்சனிக்குத் திரும்பினார். ஆகவே இக்குடும்பத்தின் கலை, முதல் தலைமுறையிலேயே வெளியிலிருந்து கற்றுப் பெற்றது என்பது தெளிவாகிறது.

ஒரு பெயர், இரு பாணிகள்

அல்சாஸ் பகுதியில் ஆந்திரேயாஸ் அமைத்த மார்மூத்தியே, எபெர்ஸ்மூன்ஸ்டர் ஆர்கன்கள் பிரெஞ்சு மரபைச் சார்ந்தவை. கோட்ஃப்ரீட் 1714 இல் முடித்த ஃப்ரைபெர்க் பேராலய ஆர்கன், மூன்று கைவிசைப்பலகைகளும் 44 ஒலிவரிசைகளும் கொண்டது. அதில் பிரெஞ்சு நாக்குக்குழல்களின் வண்ணமும், வலிமை மிக்க காலடி விசைப்பலகையைக் கொண்ட மத்திய ஜெர்மானிய அமைப்பும் இணைந்துள்ளன. வழிபாட்டு முறையும் ஊர் இசை மரபும் வேறுபட்டமையால் கருவியும் வேறுபட்டது. இவ்விரண்டையும் 'சில்பர்மான் ஒலி' என்று ஒருமையில் சுட்டுவது, குடும்பப் பெயரையே பாணியெனக் கொள்ளும் பிழையாகும்.

உடன்படிக்கையின் இடம்

பட்டறையின் எல்லையை உறவைக் காட்டிலும் எழுத்துவழி உடன்படிக்கையே வெளிப்படையாக வரையறுக்கிறது. கோட்ஃப்ரீட்டின் மாணவர் சகரியாஸ் ஹில்டெபிராண்ட், சாக்சனியிலும் அல்சாஸிலும் தனித்துத் தொழில் செய்வதில்லை என ஒப்புக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்த அல்சாஸும் இதில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. தமையனின் சந்தையும் ஒருங்கே காக்கப்பட்டது. பின்னர் மாணவர் தனித்து இயங்கத் தொடங்கியபோது பூசல் எழுந்தது. எனினும், 1746 இல் நாவும்பர்க் நகரில் ஹில்டெபிராண்ட் அமைத்த ஆர்கனைப் பாஹ் அவர்களுடன் சேர்ந்து ஆய்ந்தவர் கோட்ஃப்ரீட்டே. மணம் புரியாத அவர் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த டிரெஸ்டன் அரசவைத் தேவாலய ஆர்கன், ஹில்டெபிராண்டின் பொறுப்பில் 1755 இல் நிறைவுற்றது. தடுக்கப்பட்ட மாணவரே ஆசிரியரின் இறுதிப்பணியை முடித்தார் என்பது குருதிவழிக் கோட்பாட்டின் போதாமையை உணர்த்துகிறது.

சான்றும் சான்றாளரும்

ஆந்திரேயாஸின் மகன் யோஹான் ஆந்திரேயாஸ் (1712-1783) தந்தைக்குப்பின் ஸ்ட்ராஸ்பூர்க் பட்டறையை நடத்தினார். 1741 இல் சாக்சனிக்குப் பயணம் சென்று நாட்குறிப்பு எழுதினார். தாம் கண்ட ஆர்கன்கள் குறித்தும் பிற கலைஞர்கள் குறித்தும் விரிவான குறிப்புகளைத் தொகுத்தார். இவை மார்க் ஷேஃபர் பதிப்பில் 1994 இல் வெளிவந்தன. அழிந்துபோன பல கருவிகளை இன்று அறிவதற்கு இவை இன்றியமையாத சான்றுகளாகும்.

ஆயினும், இவற்றை எழுதியவர் நடுநிலையான பார்வையாளர் அல்லர். ஒரு பழைய ஆர்கனைப் பழுதுடையது என்று அவர் குறிக்கும்போது, அதனைச் செப்பனிடவோ மாற்றியமைக்கவோ வாய்ப்புள்ள தொழிலாளியின் நலனும் அக்கூற்றில் கலந்திருக்கக்கூடும். போட்டியாளர் பற்றிய கண்டனங்களுக்கும் இது பொருந்தும். அளவுகள், ஒலிவரிசைப் பட்டியல்கள் ஆகியவற்றை ஒரு தரமாகவும், மதிப்பீடுகளை வேறொரு தரமாகவும் பிரித்தறிந்தே இக்குறிப்புகளைப் பயன்படுத்துதல் வேண்டும். அவ்வாறு பிரிக்காத வரலாறு, வென்ற பட்டறையின் தற்கூற்றையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளும். தோற்றவர் தரப்பு அதில் மறைந்துவிடும்.

முடிவுரை

யோஹான் ஆந்திரேயாஸ் மறைந்த சில ஆண்டுகளிலேயே குடும்பத்தின் ஆர்கன் தொழில் முடிவுற்றது. அப்பட்டறையில் பணியாற்றிய கான்ராட் சௌவர் அதனைத் தொடர்ந்தார். தொடக்கத்தில் பாரிஸ் ஆசிரியர், இடையில் ஹில்டெபிராண்ட், இறுதியில் சௌவர் என இவ்வரலாற்றின் திருப்பங்கள் மூன்றிலும் குடும்பத்திற்குப் புறம்பானவர்களே நிற்கின்றனர். உறவு தொழிலுக்கு முதலும் பெயரும் பாதுகாப்பும் அளித்தது. தொழில்நுட்பமோ பயிற்சி, பயணம், உடன்படிக்கை, எழுத்து ஆகியவற்றின் வழியே நிலைபெற்றது. எனவே, இத்தகைய பட்டறைகளின் வரலாற்றை வம்சாவளியாக மட்டும் எழுதுவது, கலையை வாழவைத்த மாணவரையும் பணியாளரையும் வரலாற்றிலிருந்து விலக்குவதாகவே அமையும்.