மூன்றில் இரண்டுதானா?

உலகமயமாக்கல் கோட்பாடுகளில் பலவும் எந்தப் பக்கம் இழுத்தாலும் வளைந்து கொடுப்பவை. பொருளியலாளர் டானி ரோட்ரிக்கின் கோட்பாட்டில் கொஞ்சம் விறைப்பு உண்டு. எல்லையற்ற உலகமயமாக்கல், தேசிய இறையாண்மை, மக்களாட்சி ஆகிய மூன்றும் ஒரு நாட்டுக்கு ஒருசேர வாய்க்காது. எவையேனும் இரண்டுதான் என்கிறார். 2011இல் இதை நூலாகவே விரித்தெழுதினார்.

நான்கே ஆண்டில் கிரீஸ் அதற்குச் சான்றானது. கடன் நெருக்கடியில் 2015 ஜூன் இறுதியில் அங்கே வங்கிகள் மூடப்பட்டன. ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோதான். ஜூலை 5 பொது வாக்கெடுப்பில், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை 61 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். எட்டே நாளில் பிரதமர் சிப்ராஸின் அரசு அதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. கிரீஸ் வங்கிகளுக்கான அவசரக் கடன் வரம்பை உயர்த்த மறுத்த ஐரோப்பிய மத்திய வங்கியை கிரீஸ் வாக்காளர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. (மத்திய வங்கி ஆளுநரை எந்த நாட்டிலும் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லைதான். ஆனால் சொந்த வங்கி என்றால் நாடாளுமன்றம் சட்டத்தையாவது திருத்தலாம்.) இந்தக் கையறு நிலையை ரோட்ரிக் அளவுக்குத் தெளிவாக விளக்கியவர்கள் குறைவு.

இடறல் வேறு இடத்தில் இருக்கிறது. டென்மார்க்கும் சுவீடனும் உலகச் சந்தைக்குக் கதவைத் திறந்துவைத்தே வலுவான நலத்திட்டங்களையும் நடத்துகின்றன. திறந்த பொருளாதாரங்களில் அரசின் செலவு கூடுதலாக இருக்கிறது என்று 1998இல் காட்டியவரும் இதே ரோட்ரிக்தான். அது ‘எல்லையற்ற’ திறப்பு அல்லவே என்று அவர் தரப்பில் சொல்லலாம். எந்த அளவைத் தாண்டினால் எல்லையற்றது? அதற்குத் திட்டமான அளவுகோல் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, நாட்டை ஒற்றை ஆளாகப் பார்ப்பது. வங்கிகள் மூடுமுன்பே பணத்தை வெளிநாட்டுக்கு நகர்த்தியவரும், ஓய்வூதியத்துக்காக வங்கி வாசலில் நின்ற முதியவரும் ஒரே இறையாண்மையை இழந்தவர்கள் அல்லர். கிரீஸ் கப்பல் முதலாளிகளின் வரிச்சலுகைக்கு அரசியலமைப்பிலேயே காப்பு உண்டு. அந்தச் சலுகையைக் குறைக்கும்படி கடன் கொடுத்தவர்களே கேட்டார்கள். அதை அவ்வளவு காலம் கட்டிக்காத்தது வெளிச்சந்தை அல்ல, உள்நாட்டு அரசியல். ஓய்வூதிய வெட்டில் பிரஸ்ஸல்ஸின் பங்கு எவ்வளவு, ஏதென்ஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட ரோட்ரிக்கின் முக்கோணத்துக்கு வழியில்லை.