சலவைப் பொறி: பழையது எது, புதியது எது?

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு மின்சாதனக் கடைக்குள் சென்று சலவைப் பொறி வேண்டும் என்று கேளுங்கள். வட்டக் கண்ணாடிக் கதவை முன்புறம் கொண்ட பொறியைத்தான் முதலில் காட்டுவார்கள். "இதுதான் நவீனம். தண்ணீரும் மிச்சம், கரண்டும் மிச்சம். மேலே திறக்கிறதெல்லாம் பழைய மாடல்" என்பார் விற்பனையாளர். விலையோ இரட்டைத் தொட்டிப் பொறியைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

சலவைப் பொறி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் விலையில்லாச் சலவைப் பொறி தருவதாக வாக்களித்தது. அக்கட்சி ஆட்சிக்கு வரவில்லை. எனினும், துணி துவைப்பதில் பெண்களின் முதுகு படும் பாடு அரசியல் மேடை வரை எட்டியிருப்பதை அந்த வாக்குறுதி காட்டியது. எனவே விற்பனையாளரின் வாதத்தை இயற்பியலின் அளவுகோலால் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

முதலில், 'பழையது', 'புதியது' என்ற பெயர்களே பொருந்தவில்லை. 1937இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வீட்டுத் தானியங்கிச் சலவைப் பொறி முன்கதவு கொண்டதுதான். மேலே திறக்கும் தானியங்கிகள் அதற்குப் பிறகே அங்கு பரவின. ஆகவே இரண்டையும் பிரிப்பது வயது அன்று; வேலை செய்யும் முறை.

கல்லும் கையும்

மேலே திறக்கும் பொறியில் துணி முழுவதும் நீரில் மூழ்கியிருக்கும். தொட்டியின் அடியிலுள்ள தட்டு மாறி மாறிச் சுழன்று நீரைக் கலக்கும். அந்த நீரோட்டமும் உராய்வும் அழுக்கைப் பிரிக்கின்றன. வாளியில் துணியை ஊறப்போட்டுக் கையால் அலசுவதற்கு இது ஒப்பு.

முன்கதவுப் பொறியில் உருளை படுக்கைவாட்டில் இருக்கும். அடியில் மட்டும் சிறிது நீர். உருளை சுழலும்போது ஈரத்துணி மேலே ஏறி, தொப்பென்று கீழே விழும். சலவைத் தொழிலாளி கல்லில் அடித்துத் துவைப்பதை இங்கே புவியீர்ப்பு செய்கிறது. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் ஆரம் 24 செ.மீ. என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 61 சுற்றில் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடும், விழாது. அதனால்தான் துவைக்கும்போது வேகத்தை இதற்குக் குறைவாக வைக்கிறார்கள். நுரை மிகுந்தால் அது மெத்தையாகி விழும் வேகத்தைக் கெடுக்கும். இப்பொறிக்கு நுரை குறைந்த தூள் கேட்பதன் காரணம் இதுவே.

தண்ணீர்க் கணக்கு

துணி மூழ்க வேண்டியதில்லை என்பதால் முன்கதவுப் பொறி தண்ணீரில் சிக்கனமானது. இது உண்மை. ஒரு முறை துவைக்க அதற்கு ஏறத்தாழ 50 முதல் 70 லிட்டர் போதும். மேலே திறக்கும் தானியங்கிக்கு 100 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு தடவைக்கு 60 லிட்டர் மிச்சம், மாதம் 15 தடவை என்று கொண்டால் 900 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. அதன்படி இது நான்கு பேர் குடும்பத்தின் நான்கு நாள் தண்ணீர்!

உப்புத் தண்ணீர் வரும் ஆழ்குழாய்க் கிணறு உள்ள வீடுகளில் இன்னொரு நன்மையும் உண்டு. நீர் குறைந்தால் அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளும் குறையும். அவை விழுங்கும் சலவைத் தூளும் குறையும்.

மின்சாரக் கணக்கு

மின்சாரம் மிச்சம் என்ற பேச்சு அவ்வளவு நேரானதன்று. முன்கதவுப் பொறிகளில் நீரைச் சூடாக்கும் வசதி இருக்கிறது. 15 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறத்தாழ 1,890 கிலோஜூல் வேண்டும். இது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். உருளையையும் துணியையும் சூடாக்குவது தனி. குளிர்ந்த நீரில் துவைத்தால் மோட்டாருக்கு இதில் ஒரு சிறு பங்கே செலவாகும். மிச்சமான 60 லிட்டரை 60 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றும் வேலையையும் கணக்கிடுங்கள். அது ஒரு யூனிட்டில் நூற்றில் ஒரு பங்குதான். மோட்டாரின் இழப்பைச் சேர்த்தாலும் நூற்றில் மூன்று, நான்கு பங்கைத் தாண்டாது. ஆக, வெந்நீரில் துவைப்பவருக்கு மின்சாரம் மிச்சமில்லை. வெயிற்காலத்தில் நம் மாடித் தொட்டி நீரைச் சூரியனே வெதுவெதுப்பாக்கித் தருகிறான். கம்பியில் உப்புப் படியச் செய்து அதே நீரை மீண்டும் காய்ச்சுவானேன்?

பிழியும் வேகம்

'1200 சுற்று' என்று பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். சுற்று மட்டும் போதாது, ஆரமும் வேண்டும். 24 செ.மீ. ஆரத்தில் 1200 சுற்றுக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 390 மடங்கு. மேலே திறக்கும் தானியங்கி அதே ஆரத்தில் 700 சுற்றுச் சுற்றினால் 130 மடங்கு. 'செமி ஆட்டோமேட்டிக்' என்று ஏளனமாகப் பார்க்கப்படும் இரட்டைத் தொட்டியின் பிழியும் கூடை சிறியது. ஆரம் 11 செ.மீ. இருந்தாலும் 1350 சுற்றில் 220 மடங்கு கிடைக்கிறது. எளிய பொறி விலை உயர்ந்த தானியங்கியை இங்கே வென்றுவிடுகிறது! வெயில் இல்லாத குளிர் நாட்டில் 390 மடங்கு தேவைதான். நமக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் தவிர மற்ற நாட்களில் கொடிக்கயிறே போதும்.

தொட்டியின் உயரம்

கடையில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் வீட்டுத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?" தானியங்கிப் பொறியின் நீர்க் குழாய் திறக்க அழுத்தம் வேண்டும். கையேடுகளில் 0.3 பார் முதல் 1 பார் வரை குறைந்த அளவாகக் குறித்திருப்பார்கள். 10 மீட்டர் உயர நீர் தருவது ஏறத்தாழ 1 பார். ஒற்றை மாடி வீட்டில் தளம் 3 மீட்டர், அதன்மேல் தொட்டி, பொறியின் குழாய் தரையிலிருந்து 1 மீட்டர் என்றால் கிடைப்பது 2 முதல் 3 மீட்டர்; அதாவது 0.2 முதல் 0.3 பார். தொட்டி பாதி காலியானால் பொறி நீருக்காகக் காத்து நின்றுவிடும். பிறகு அழுத்தம் கூட்டும் தனி மோட்டார் ஒன்று வாங்க வேண்டும். இரட்டைத் தொட்டிக்கு இந்தக் கவலை இல்லை. குடத்தால் ஊற்றினாலும் அது துவைக்கும். முதல் துணி அலசிய நீரில் அடுத்த துணியை ஊறப்போடலாம். அப்படிச் செய்யத் தெரிந்தவர் கையில் தண்ணீர்ச் செலவும் வெகுவாகக் குறையும். ஆனால் அவர் அருகிலேயே நிற்க வேண்டும். மிச்சமாகும் நீருக்கு அவருடைய நேரமே விலை. இதை மறைத்துப் பேசுவதும் நேர்மையாகாது.

முடிவு

உயரமான தொட்டி, தண்ணீர்த் தட்டுப்பாடு, வேலைக்குச் செல்லும் பெண்கள் – இவை மூன்றும் உள்ள வீட்டுக்கு முன்கதவுப் பொறி தகுந்தது. குளிர்ந்த நீரிலேயே துவைக்கட்டும். தாழ்ந்த தொட்டியும் குறைந்த வருவாயும் உள்ள வீட்டுக்கு இரட்டைத் தொட்டியே அறிவான தேர்வு. இரண்டுக்கும் நடுவிலுள்ள மேலே திறக்கும் தானியங்கி வேலையைக் குறைக்கிறது, தண்ணீரைக் குறைப்பதில்லை. பழுது பார்ப்பவர் ஊரில் இருக்கிறாரா என்பதையும் வாங்குமுன் விசாரிப்பது நல்லது.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே சலவைப் பொறிகள் உற்பத்தியாகின்றன. அவற்றின் பெட்டிமேல் சுற்று எண்ணிக்கைக்குச் சமமான பெரிய எழுத்தில் இரண்டு செய்திகளைத் தமிழில் அச்சிடட்டும்: ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர், தொட்டி எத்தனை அடி உயரம். ஏரியைக் காக்க ஏரி வாரியம் அமைத்ததை முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டிலேயே, கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. இவ்வூர்க்காரர்கள் தண்ணீர்க் கணக்குக் கேட்பதில் புதுமை ஒன்றுமில்லை.