ஓரக் குறிப்புகள்

நூல்நிலையத்திலிருந்து எடுத்துவந்த துப்பறியும் நாவலின் ஓரத்தில், ‘இவன்தான் திருடன்’ என்று யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் எழுதி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? கோபம் வரும். ஆனால், நஷ்டம் ஒரு மாலைப் பொழுதின் சுவாரசியத்தோடு போயிற்று. தொழில்நுட்பக் கையேட்டின் சங்கதி அப்படியல்ல. அங்கே ஓரக் குறிப்பை நம்பி ஒருவன் வேலையே செய்கிறான்.

1995-இல் வெளிவந்த பிஎச்பி என்ற கணினி மொழிக்குப் பலர் கூடி எழுதிய கையேடு ஒன்று உண்டு. அதன் பக்கங்களுக்கு அடியில் வாசகர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதி வைக்கலாம். இந்த ஏற்பாட்டை நான் இகழமாட்டேன். கையேடு எழுதுகிறவனுக்கு விஷயம் தெரியும். புதிதாக வருகிறவனுக்கு எங்கே கால் இடறும் என்பதுதான் தெரியாது. அதைச் சொல்ல, இடறி விழுந்தவனே வேண்டும்.

ஆனால், மொழி வளர்கிறது, மூலமும் திருத்தப்படுகிறது. அடிக்குறிப்போ எழுதிய நாளிலேயே நின்றுவிடுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தோடு பேசுவதற்கு அம்மொழியில் இருந்த பழைய கட்டளைகள், 2015-இல் வந்த ஏழாம் பதிப்பில் நீக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு சொன்ன யோசனை அன்று எவ்வளவு நல்லதாயினும் இன்று உதவாது. குறிப்பில் தேதி இருக்கிறதே என்பீர்கள். அவசரத்தில் இருப்பவன் தேதியையா பார்க்கிறான்?

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. ‘கீழேதான் யாரோ சொல்லிவிட்டார்களே’ என்று மூலத்தை எழுதியவர்கள் சும்மா இருந்துவிடலாம். பிழை மேலே, திருத்தம் கீழே என்று இரண்டும் சேர்ந்தே குடியிருக்கும்.

டொனால்ட் க்னூத் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் வழி வேறு. 1968-இல் முதல் பாகம் வெளிவந்த தம் கணினி நூலில், ஒரு பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு அவர் தரும் பரிசு 2.56 டாலர். சொன்னதைச் சோதித்து, சரியென்றால் மூலத்தையே திருத்திவிடுகிறார். வாசகன் சொல் அடியில் தொங்குவதில்லை, நூலுக்குள் கரைந்துவிடுகிறது.

அவர் ஒற்றை ஆசிரியர், பலர் எழுதும் கையேட்டில் இது நடக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊர்ப் பொதுக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் எடுப்பார்கள். தூர் வார மட்டும் ஆள் இராது. அதற்காகக் கிணற்றை மூடிவிடச் சொல்வாரில்லை. வாசகன் தாராளமாக எழுதட்டும். அதைப் படித்து, நல்லதை மூலத்தில் சேர்த்து, மற்றதைத் தயங்காமல் அழிக்க ஒருவரை முதலில் நியமியுங்கள். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால், அந்தக் குறிப்புகள் இல்லாமலிருப்பதே மேல்.