வசனப் புத்தகமும் திரைக்கதைப் புத்தகமும்

நம்ம தீவில் கைப்பேசியை வைத்துக் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஜங்லிகாட் படகுத்துறைப் பக்கம் போனால் யாராவது ஒரு பையன் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிடிக்கத் தெரிகிறது, எழுதத்தான் வரவில்லை. நல்ல படங்களின் திரைக்கதையைப் படி என்று எல்லோரும் அவனுக்குச் சொல்கிறோம். எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று சொல்கிறோமா?

சினிமாவைப் படிப்பது தமிழருக்குப் புதிதல்ல. 1942இல் வந்த 'கண்ணகி'க்கு இளங்கோவன் எழுதிய வசனமும், 1952இல் 'பராசக்தி'க்குக் கலைஞர் எழுதிய வசனமும் ஊரெல்லாம் ஒலித்தன. வசனப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்து மேடையில் பேசிக் காட்டிய தலைமுறை அது. தமிழைத் திருத்தமாக உச்சரிக்க அந்தப் புத்தகங்கள் கற்றுக்கொடுத்தன. அந்தத் தொண்டைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அவற்றில் இருப்பது பேச்சு மட்டுமே. ஒருவன் வாய் திறக்காமல் நிற்கும்போது கதை எப்படி நகர்கிறது என்பது அங்கே கிடைக்காது. திரைக்கதை என்பதே அதுதானே?

இதற்கு மகேந்திரனே நல்ல சாட்சி. 1974இல் 'தங்கப்பதக்கம்' படத்துக்கு இடி முழங்கும் வசனம் எழுதியவர், 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். எழுதிய கை ஒன்றே. ஆனால் ஆற்றங்கரைக் கடைசிக் காட்சியில் ஊரே கூடி நிற்க, சுந்தரவடிவேலு பேசுவது சில வார்த்தைதான். தன்னைப் போலவே ஊராரையும் ஆக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். மற்றதையெல்லாம் ஆறும் கரையில் நிற்கும் பிள்ளைகளும் சொல்லிவிடுகின்றன. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' இதற்கு வித்து. கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்க. எதை எடுத்தார், எதை விட்டார் என்று கணக்கெடுப்பதே முதல் பாடம்.

அடுத்தது 1992இல் கமல்ஹாசன் எழுதி, பரதன் இயக்கிய 'தேவர் மகன்'. இதன் திரைக்கதை நூலாகவே வந்திருக்கிறது. வியாபாரியான எனக்கு அது பேரேடு மாதிரி தெரிகிறது. பற்று எழுதினால் இன்னொரு பக்கத்தில் வரவு இருந்தாக வேண்டும். ரயிலில் வந்து இறங்கும் சக்தி, கடைசியில் ரயிலில்தான் போகிறான், கைதியாக. பூட்டிக் கிடந்த கோயிலை விளையாட்டுப் போலத் திறந்ததற்கு இசக்கியின் கை விலையாகிறது. வன்முறையே வேண்டாம் என்றவன் கையில் அரிவாள் ஏறுகிறது. 1972இல் வந்த 'காட்பாதர்' படத்தின் சாயல் இதில் உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் கோயில் பூட்டும் வயல் தண்ணீரும் நம்ம மண்ணில் விளைந்தவை. பார்த்து எழுதுவதற்கும் கற்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்தக் கணக்கு நமக்குப் பழையதுங்க. கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், அரசி சிலம்பில் முத்துப் பரல். இந்த ஒரு வேறுபாட்டின் மேல் இளங்கோவடிகள் ஒரு நீதியையே நிறுத்திவிட்டார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். படம் வெளிவந்தபின் அச்சாகும் திரைக்கதை, முடித்துக் கட்டிய ஐந்தொகை. அடித்துத் திருத்திய நாள்வழிக் கணக்கை அது காட்டாது. அதனால் அதை மட்டும் படிக்கிற பிள்ளை, எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிடும் என்று நம்பிவிடும். சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' வடிவத்தைச் சொல்லித் தரும். நல்ல நூல். ஆனால் முழக்கோல் கிடைத்தால் துணி கிடைத்ததாகாது. படத்தைப் பார்த்து, காட்சிகளைச் சொந்தத் தமிழில் எழுதி, பிறகு அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எங்கே தான் கூடுதலாகப் பேசவைத்தோம் என்று அப்போது தெரியும்.

நம்ம ஊர்க் கதையையும் இப்படிச் சோதிக்கலாம். 1996இல் பிரியதர்ஷன் இயக்கிய 'சிறைச்சாலை'யில் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் சாபு சிரிலின் கலையும் சிறந்தவை. ஆனால் சிறைக் கொடுமை உரக்க ஒலிப்பதைவிட, கணவனுக்காகப் பார்வதி காத்திருப்பதே மனதில் தங்குகிறது. அதோடு, அது சிறைக்குள் நடக்கும் கதை. விடுதலையாகி இங்கேயே வேர் விட்டவர்களின் கதையும், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்து கடை போட்டவர்களின், வலை வீசியவர்களின் கதையும் இன்னும் யார் கைக்காகவோ காத்திருக்கின்றன.

வீட்டில் தமிழ் பேசியும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். திரைக்கதையின் சின்னச் சின்ன வாக்கியங்கள் அவர்களுக்குத் தோதானவை. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து தினம் ஒரு காட்சி படிக்க வைத்தால் போதும். தமிழும் வரும், தொழிலும் வரும். இல்லாவிட்டால் நம்ம தாத்தா பாட்டி கதையை யாரோ, எந்த மொழியிலோ எழுத, நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.