சோறு போட்ட கை, கணக்கு வைத்த கை

நமக்கு உதவி செய்தவர்களை நாம் ஏன் தவிர்க்கிறோம்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரமாக ஐயாயிரம் கொடுத்த நண்பன் இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டால் போனை எடுக்கக் கை தயங்குகிறது. அவன் பணத்தைக் கேட்கப்போவதில்லை என்று நமக்கே தெரியும். “இருக்கட்டும் மக்கா, பொறவு பாத்துக்கலாம்” என்றுதான் சொல்லுவான். அந்த ‘இருக்கட்டும்’தான் நம்மைக் கொல்லுகிறது.

இது பழைய பிரச்சினை. உதவி பெற்றவன் உதவியவனை நேசிப்பதைவிட, உதவியவன்தான் பெற்றவனை அதிகம் நேசிக்கிறான். இது ஏன் என்று அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் கேட்டிருக்கிறார். சிற்பிக்குத் தன் சிலைமேல் பாசம் இருப்பதுபோல, கொடுத்தவனுக்குத் தன்னால் ஆளானவன்மேல் பாசம் என்பது அவருடைய பதில். சரி, ஆனால் சிலையாக இருப்பது யாருக்குப் பிடிக்கும்? உதவி என்பது ஆதரவாகவும் இருக்கலாம், பெறுகிறவரின் சுயமதிப்பின்மேல் விழும் அடியாகவும் இருக்கலாம் என்று ஃபிஷர், நாட்லர் போன்ற உளவியலாளர்கள் 1980களில் எழுதினார்கள். திருப்பிச் செய்ய வழியில்லாத உதவி அதிகம் உறுத்துகிறது.

இந்த உறுத்தலைச் சோற்றை வைத்து அளந்து பார்த்தவர்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். நெல் விளைந்த நாடு என்பதாலோ என்னவோ, இங்குள்ள எழுத்தில் ஒருவன் யாரென்று தெரிவது பெரும்பாலும் இலைக்கு முன்னால் உட்காரும்போதுதான்.

நாஞ்சில் நாடனின் முதல் சிறுகதை ‘விரதம்’, 1975இல் ‘தீபம்’ இதழில் வந்தது. பெரியவர் ஒருவர் தன் மகள்களின் வீடுகளுக்குப் போகிறார். மற்றவள் வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று அங்கே நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பசியோடு திரும்புகிறார். இந்தக் கதையில் கெட்டவர் யாருமில்லை. சோறு இருந்தது, பாசமும் இருந்தது. பெற்ற மகளிடம்கூட ‘சோறு போடு’ என்று சொல்லமுடியாத ஒரு கௌரவம் நடுவில் நின்றது.

அவருடைய ‘இடலாக்குடி ராசா’ இதற்கு நேர் எதிர். ராசா புத்தி சற்றுப் பிசகியவன். வீடுகளில் போய்ச் சோறு கேட்பதில் அவனுக்குக் கூச்சமே கிடையாது. ராஜா வரி கேட்பதுபோலக் கேட்பான். ஊரும் சிரித்துக்கொண்டே போடும். ஒரு பந்தியில், விளையாட்டுக்காக அவனுக்கு மட்டும் பரிமாறாமல் விடுகிறார்கள். அவன் எழுந்து போய்விடுகிறான். ஒருவேளைச் சோறு போனதற்காக இவ்வளவு வலி வராது. தனக்கு உரிமை என்று நினைத்தது ஊர் போட்ட பிச்சை என்பதை அந்த வெறும் இலை அவனுக்குச் சொல்லிவிட்டது. ஒரு மனிதனிடம் அதைச் சொல்லிவிட்டால் பிறகு எவ்வளவு பரிமாறினாலும் ஆகாது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’க்கு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2011இல் ‘அறம்’ தொகுப்பில் வந்த கதை. நம்மில் பலர் இலக்கியத்துக்குள் வந்ததே அந்தத் தொகுப்பு வழியாகத்தான். குமரி மாவட்டத்து ஏழைப் பையன் திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போகிறான். மாமா வீட்டில் மாமி முகம் சுளித்துச் சோறு போடுகிறாள். சாலை பஜாரில் கெத்தேல் சாகிப்பின் கடையில் பில் கிடையாது; ஒரு டப்பா இருக்கும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். பையன் காசில்லாமல் தின்கிறான். மனதுக்குள் கணக்கு வைக்கிறான். வேலை கிடைத்தபின் பணத்தைக் கொண்டுவந்து டப்பா நிறைய நிறையப் போடுகிறான். சாகிப் ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எப்போதும்போலப் பரிமாறுகிறார்.

வழக்கமான வாசிப்பு இப்படி: சாகிப் கணக்கில்லாத அன்பு, மாமி கணக்குப் பார்க்கும் அற்பம். எனக்கு இது போதவில்லை. சாகிப்பின் கடையிலும் கணக்கு இருக்கிறது. அந்த டப்பா எதற்கு? முழுக்க இலவசம் என்று போர்டு மாட்டியிருந்தால், பையன் பத்து நாளில் வராமல் போயிருப்பான். சாகிப் கணக்கை ஒழிக்கவில்லை. கணக்கு வைக்கும் உரிமையைத் தின்கிறவன் கையில் கொடுத்துவிட்டு, தான் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறார். கொடுப்பவர் பெறுபவரைச் சிறுமைப்படுத்தாமல் இருக்க, தன் உதவியைக் கடமைபோலவோ சின்ன விஷயம்போலவோ காட்டவேண்டும் என்று 1797இல் கான்ட் எழுதினார். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விரதத்துப் பெரியவர் இங்கே வந்திருந்தால் சாப்பிட்டிருப்பார். ராசாவும் சாப்பிட்டிருப்பான்.

கணக்கு என்றாலே அன்பில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நம் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறதே. நீ எனக்கு ஐநூறு, நான் உன் வீட்டு விசேஷத்தில் ஆயிரம். கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளும் சேர்ந்துதான் சமூகத்தைக் கட்டுகின்றன என்று 1925இல் மார்செல் மோஸ் எழுதியதை, நம் பாட்டிகள் நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்திருந்தார்கள். உறவு அற்றுப்போனவர் பெயரில்தான் அந்த நோட்டில் வரவு இருக்காது.

இனி மாமி. வீட்டு அரிசியை அளக்கிறவள் அவள். தினம் ஒரு வாய் கூடினால் யாருடைய பங்கு குறையும்? அவளுடையதும் பிள்ளைகளுடையதும்தான். குறைகிற வீட்டில் அளந்து போட்ட சோற்றையும், கடை நடத்துகிறவர் அள்ளிப் போட்ட சோற்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? தாராளம் பெரும்பாலும் ஆண்களுக்கு வாய்க்கும் குணமாகவும், கணக்கு பெண்களின் தலையில் விழும் வேலையாகவும் இருப்பதை நம் வீட்டு அடுக்களையிலேயே பார்க்கலாம். விருந்தாளியைக் கூட்டிவந்த அப்பாவுக்கு நல்ல பேர். உலையில் அரிசி கூடுதலாகப் போட்ட அம்மா சிடுசிடுப்பவள்.

கதைக்கு இது தெரியும். மாமா இறந்து குடும்பம் நொடித்துப்போகிறது. கடைசியில் கதைசொல்லி மாமியின் மகள் ராமலட்சுமியைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறான். முகம் சுளித்துப் போட்டதும் சோறுதான் என்று அவன் ஒத்துக்கொள்ளும் இடம் அது. கதையின் உச்சம் டப்பா நிறைவதில் இல்லை, இங்கேதான் என்பேன். சாகிப் கணக்கை வாங்க மறுத்ததால்தான் மாமியின் கடன் அவன் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் இதே இடத்தில்தான் எனக்குக் கதையோடு சண்டையும். அவன் பட்ட கடன் தீருகிறது. யாரை வைத்து? ராமலட்சுமிக்கு இவனைப் பிடித்திருக்கிறதா என்பது கதையின் கேள்வியாகவே ஆவதில்லை. ஒரு ஆண் தன் அறத்தை நிறைவேற்றிக்கொள்ள ஒரு பெண் கணக்கில் வரவு வைக்கப்படுகிறாள். மீட்கப்பட்டவள், காப்பாற்றப்பட்டவள் என்று நாம் கண்ணீர் விடுகிறோம். அவளோ ஆயுசு முழுக்க, தனக்கு வாழ்க்கை கொடுத்தவனோடு வாழவேண்டும். அந்த வீட்டில் டப்பா கிடையாது. சாகிப்பிடம் இவன் அனுபவித்த சுதந்திரம், யாரும் பார்க்காதபோது திருப்பிக் கொடுக்கும் அந்தச் சுதந்திரம், அவளுக்கு வாய்க்குமா?

இது வெறும் கதை விவகாரம் இல்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவையும், 2022இல் தொடங்கிய காலை உணவையும் ‘ஓசிச் சோறு’ என்று யாரோ இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் குழந்தையின் தட்டு ராசாவின் இலை ஆகிவிடுகிறது. உரிமையாக வரும் சோற்றுக்கு டப்பா தேவையில்லை. அதைப் பிச்சை என்று யாரும் ஞாபகப்படுத்தாமல் இருந்தால் போதும்.

நட்பில் விஷயம் வேறு. நண்பன் கடனைத் திருப்ப வந்தால், “போடே, இதெல்லாமா” என்று கையைத் தட்டிவிடுவதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறோம். அப்போது நாம் அவனிடமிருந்து பறிப்பது அவனுடைய டப்பாவை. அவன் இருநூறு, முந்நூறாகக் கூகுள் பேயில் அனுப்பினால் வாங்கிக்கொள்ள வேண்டும். வந்துசேர்ந்ததா என்று அவன் கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு கதை பேச வேண்டும்.