வெட்டி ஒட்டிய தாளங்கள்: தமிழ் ராப்பில் சாம்பிள் மரபு

விருதுநகர் பங்குனிப் பொங்கலானாலும் இருக்கன்குடி ஆடிக் கடைசி வெள்ளியானாலும் மேளம் இல்லாமல் இந்தப் பக்கத்துத் திருவிழா களைகட்டாது. நையாண்டி மேளத்தில் உருமிக்குத் தனி இடம். வளைந்த குச்சி ஒரு முகத்தை இழைக்க, மறு முகத்தில் அடி விழ, சாமியாடியின் கால் தானாக எழும். கம்பளத்து நாயக்கர் ஊர்களிலோ தேவதுந்துபி இல்லாமல் தேவராட்டம் கிடையாது. நியூயார்க்கில் பிறந்த ஹிப் ஹாப்புக்கும் இந்த ஒலிக்கும் என்ன உறவு என்று கேட்டால், 2007-ல் வெளிவந்த ‘கலா’ இசைத்தொகுப்பைக் கேட்கச் சொல்ல வேண்டும்.

ஹிப் ஹாப் தொடங்கியதே பழைய இசைத்தட்டிலிருந்துதான். 1973-ல் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார். 1987-ல் வந்த எஸ்பி-1200 கருவியின் நினைவகத்தில் அடங்கியது சுமார் 10 விநாடி ஒலி. அந்தப் பத்து விநாடியைத் துண்டுபோட்டு முழுத் தொகுப்புகளையே கட்டினார்கள். இப்படி எடுத்தாளும் துண்டுதான் சாம்பிள்.

‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டன் சேர்ந்தவர். முதல் தொகுப்புக்கு அப்பாவின் பெயரை வைத்தார். இரண்டாவதற்கு அம்மாவின் பெயர், கலா. அமெரிக்க விசா சிக்கலானதும் சென்னை, டிரினிடாட், லைபீரியா என்று ஊர் ஊராகப் பதிவு செய்தார். சென்னையில் மேளக்காரர்களை நேரிலேயே வாசிக்க வைத்தார். ‘பேர்ட் ஃப்ளூ’வில் அதிரும் உருமி, ‘ஜெயம்’ (2003) படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த ‘திருவிழான்னு வந்தா’ பாட்டின் வழி வந்தது. முதல் பாட்டான ‘பேம்பூ பங்கா’வில் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ தாளம் ஓடுகிறது. ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ பாட்டுக்கு ‘தி கிளாஷ்’ குழுவின் 1982-ம் ஆண்டுப் பாட்டொன்றின் இழைதான் அடித்தளம். துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டி மணியும் அதன் மேல் தாளமாகவே விழுகின்றன. ‘கலா’ வந்த மறு ஆண்டே அந்தப் பாட்டிலிருந்து ஒரு வரியை வெட்டியெடுத்து, ஜே-ஸி, டி.ஐ., லில் வெய்ன் ஆகியோரோடு ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாட்டைக் கட்டினார் கான்யே வெஸ்ட். எடுத்துக் கட்டிய பாட்டிலிருந்தே இன்னொருவர் எடுத்தார்.

2003-ல் ‘பிளாக் ஐட் பீஸ்’ குழு ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘உனக்கும் எனக்கும்’ பாட்டை எடுத்தாண்டது. அங்கே இளையராஜா ஒரு வண்ணச் சேர்க்கைதான். ‘கலா’விலோ உருமியை எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது. அதுதான் அந்தத் தொகுப்பின் உயரம்.

மலேசியத் தமிழ் ராப்பின் போக்கு வேறு. யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 2006-ல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது, துண்டுபோடாமல் ‘நிழல்கள்’ (1980) படத்தின் ‘மடை திறந்து’ பல்லவியையே நடுவில் நிறுத்தி, சுற்றிலும் தமிழ் ராப் பாடினார்கள். வாய்ப்புக்காக ஏங்கும் இளம் இசைக் கலைஞனின் கனவுப் பாட்டு அது. திரைக்கு வெளியே தமிழில் தனி இசை செய்யத் துணிந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு அமைந்திருக்காது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் ‘எங்கேயும் எப்போதும்’ மறுவடிவத்தில் யோகி பி-யின் குரல் கேட்டது.

மூன்றாவது போக்கு, தட்டை விட்டுவிட்டு ஆளையே மேடைக்கு அழைத்தது. 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் ராப்பையும் சேர்த்தே நிறுத்தியது. அதில் பாடிய அறிவு, 2021-ல் பாடகி தீயோடு சேர்ந்து, சந்தோஷ் நாராயணன் இசையில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வும் ஒப்பாரியும் அதில் வந்தன. அந்தப் பாட்டையும் பெயர்த் தகராறு விடவில்லை. யாருக்கு எவ்வளவு உரிமை என்ற சண்டை ஊரறிய நடந்தது.

இந்த மரபில் தரம் என்பதை இரண்டு இடங்களில் பார்க்கலாம். எடுத்தது புதிதாகக் கேட்கிறதா என்பது முதலாவது. எடுத்த இடத்தைச் சொன்னார்களா என்பது அடுத்தது. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பாட்டைப் பெயர் சொல்லாமல் பயன்படுத்திய ‘அடிக்டிவ்’ என்ற அமெரிக்கப் பாட்டின் தொகுப்பை, அவர் பெயர் போடாமல் விற்கக் கூடாதென அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்கும் ‘கூலி’ முன்னோட்டத்துக்கும் இளையராஜா நோட்டீஸ் அனுப்பினார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற அவர் நிலை சரியானது.

இசையமைப்பாளருக்காவது வக்கீல் உண்டு. உருமிக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? திரைப்பாட்டின் உறையில் பாடகர் பெயர் வரும், கவிஞர் பெயர் வரும்; தோல் வாசித்தவர் பெயர் அபூர்வம். ஏ.ஆர். ரகுமான் தம் உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட்டது அதனாலேயே பெரிய காரியம். சிவகாசி ஆப்செட்டில் அச்சாகும் கோயில் பொங்கல் நோட்டீஸைப் பார்த்தால், ‘நையாண்டி மேளம்’ என்று போட்டு அதன் கீழே குழுத் தலைவர் பெயரும் ஊரும் தவறாமல் இருக்கும். அந்த ஒரு வரியை ராப் பாட்டின் உறையிலும் கேட்கும் உரிமை விருதுநகர் மாவட்டத்து மேளக்காரர்களுக்கு உண்டு.